ஊரெல்லாம் அவர் கையெழுத்து

அரியமங்கலம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும்போதே கஸ்தூரி இப்படி முடிவு செய்திருந்தாள். மெயின்கார்டு கேட் தாண்டுவதற்குள் அந்த முடிவை இரண்டு தரம் மாற்றியும் ஆகிவிட்டது. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் அறவாழி, வலது கண்ணைப் பச்சைத்துணிக் கட்டு மூடியிருக்க, மடியில் மருந்துப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலை ஏழு மணிக்குத் தில்லைநகர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், எட்டரைக்குக் கண்புரை எடுத்து, பதினொன்றரைக்கு “நாளைக்குக் காலையில வாங்க, கட்டைப் பிரிச்சிடலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். இடது கண்ணிலும் புரைதான், அது அடுத்த மாதம். அந்தக் கண்ணுக்கு நிறம் தெரியும், ஆள் உருவம் தெரியும், எழுத்து தெரியாது. முப்பத்தைந்து வருஷம் எழுத்தோடு கட்டிப் புரண்ட தமிழாசிரியருக்கு இப்போது பஸ் போர்டைக்கூட அவள்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜன்னலோரம் கேட்டார், காற்று வருமே என்று. “ஆடிக் காத்து, தூசி விழும், டாக்டர் சொன்னது மறந்துபோச்சா” என்று அதட்டிவிட்டு அவளே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். உண்மையில் தூசிக்காக இல்லை, சுவருக்காக. சுவர்களை அவர் கண்ணிலிருந்து மறைக்க அவள் உடம்பு போதும் என்று நினைத்தாளோ என்னவோ, சேலைத் தலைப்பை வேறு விரித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஆட்டோ பால்பண்ணை சிக்னலில் நின்றபோது பார்த்தது. லாரி ஷெட்டின் நீளச் சுவரில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு போஸ்டர், பசைகூடக் காயவில்லை. கறுப்புக் கட்டம். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள், நெற்றியில் விபூதி. மேலே கண்ணீர் அஞ்சலி. படத்துக்குக் கீழே வாலைச் சுழித்து, கொக்கியை வளைத்து, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற அலங்காரத்தோடு அந்தப் பெயர், பங்கஜவல்லி. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அரியமங்கலம் பால்வாடித் தெரு இல்லத்திலிருந்து இன்று மாலை நான்கு மணிக்கு இறுதி ஊர்வலம். அவளை முதலில் இடித்தது சாவு இல்லை, எழுத்துதான். அது தாமரை எழுத்து. கம்ப்யூட்டருக்கென்று அவள் வரைந்த எழுத்துரு. யாரோ ஒரு பிளக்ஸ் கடைக்காரன் அவசரத்தில் கம்ப்யூட்டரில் தேடி, கொஞ்சம் அழகாக இருக்கட்டுமே என்று அதைத் தேர்ந்திருக்கிறான். அவன் என்ன கண்டான். அந்தப் பெயர் அந்த எழுத்தில் வரக் கூடாது என்று யார் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்? சொல்லத் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருத்தி படத்தில் இருக்கிறாள், ஒருவர் அப்போது ஆட்டோவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், மூன்றாவது ஆள் வாயைத் திறக்கவில்லை. பச்சை விழுந்து ஆட்டோ கிளம்பிவிட்டது. அப்போதிலிருந்து, சொட்டு மருந்து போடும்போதும், கையெழுத்துப் போடும்போதும், ஆபரேஷன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும், சொல்வதா வேண்டாமா என்கிற ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அசதியாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷிக்கு இத்தனை அசதி ஆகாது.

நர்ஸ் பெண் ஒரு பட்டியலே ஒப்பித்தாள். குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, முக்கி இருமக் கூடாது. கஸ்தூரி கேட்டாள், “அழலாமாம்மா?” அந்தப் பெண் சிரித்துவிட்டது. “எதுக்கு அழணும்? ஆபரேஷன் ஜம்முனு முடிஞ்சிருக்கே.” ஆமாம், ஜம்மென்று முடிந்திருக்கிறது. நாளைக் காலையில் கட்டைப் பிரித்ததும் பத்து வருஷமாகத் தெரியாததெல்லாம் பளிச்சென்று தெரியப்போகிறது. இதே வழியாகத்தான் திரும்ப வேண்டும், இதே சுவர்தான். புதுக் கண்ணால் அவர் முதல் முதலாகப் படிக்கப்போவது அதுதான். அதற்குள் ஊர்வலம் முடிந்து எரித்தே இருப்பார்கள். அப்புறம் திரும்பிக் கேட்பார், நீ நேத்து இந்த வழியாத்தானே வந்த, பாக்கலையா என்று. பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புவாரா? அவள் போட்ட எழுத்தை அவள் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? சொன்னாலும் ஆபத்து. பங்கஜவல்லி செத்துட்டாங்க என்று அவர் முகத்தைப் பார்த்து அவள் ஏன் சொல்ல வேண்டும், அந்த அம்மாள் அவருக்கு யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். இத்தனை வருஷமாகத் தெரியாதவள் போலிருந்தது ஒரே நொடியில் போய்விடும். தெரியாதவள் போல இருப்பதும் ஒரு வேலைதான். ஓய்வூதியமில்லாத வேலை.

காந்தி மார்க்கெட்டில் கூட்டம் ஏறியது. ஏழு கடிதங்கள். தொண்ணூற்றேழில், பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது, அவருடைய தடித்தடியான அகராதிகளுக்குப் பின்னால் மஞ்சள் பைக்குள் இருந்தன. அவர் எழுதி, அந்தப் பெண் திருப்பிக் கொடுத்துவிட்ட கடிதங்கள். தேதி எண்பத்தெட்டு, நன்முல்லைக்கு அப்போது ஒரு வயது, பல் முளைக்கிற காய்ச்சலில் ராவெல்லாம் அழும். ஏணியில் நின்றபடியே ஏழையும் படித்தாள். தப்பாக ஒன்றும் இல்லை. மழை பெய்தது, வேப்பமரத்தில் பூ உதிர்ந்து கிடக்கிறது, இன்று நீங்கள் வரவில்லை, ஆசிரியர் அறை வெறிச்சென்று இருந்தது. ஆனால் அந்தக் கையெழுத்து! அவளுக்குத் தெரிந்த அறவாழியின் எழுத்து நெருக்கியடித்து நிற்கிற எறும்பு எழுத்து, மளிகைச் சீட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் அதுதான். கடிதத்தில் இருந்தது வேறு ஆள். ஒவ்வொரு எழுத்தும் நின்று நிதானித்து, வாலை நீட்டி, திரும்பி, சுழித்துப் போயிருந்தது. ஒரு மனிதனுக்குள் இப்படி ஒரு கை இருந்திருக்கிறது, அது அவளுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. கடிதத்தில் இருந்த அன்பைவிட அந்த வளைவுகள்தான் அவளைச் சுட்டன. எல்லாக் கடிதமும் தாமரை என்று தொடங்கியது. யார் தாமரை? அவர் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பெண் இல்லை. விசாரிக்கவும் வெட்கமாக இருந்தது.

கேட்கவில்லை, சண்டை போடவில்லை, அம்மா வீட்டுக்குப் போகவில்லை. பையை இருந்த இடத்திலேயே வைத்தாள், ஏழிலும் பிரதி எடுத்துக்கொண்டு. அப்போது அவள் தெப்பக்குளத்தருகே வின்சென்ட் சாரின் டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தாள். ஐம்பது எழுத்துருக்கள் சேர்த்து ஒரு சி.டி. போட வேண்டும் என்று சார் பறந்துகொண்டிருந்தார். நாற்பத்தொன்பது ஆகிவிட்டது, அலங்காரமாக ஒன்று வேண்டும், அழைப்பிதழுக்கு, கடை போர்டுக்கு, யாரிடமாவது நல்ல கையெழுத்து இருக்கிறதா என்றார். இருக்கிறது சார் என்றாள். பிரதியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வெட்டி ஸ்கேன் செய்தாள். திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கிப் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து வளைவை இழுக்க வேண்டும், மார்கழிக் கோலம் மாதிரிதான். அந்த அளவில் பார்த்தால் கடிதம் இல்லை, காதல் இல்லை, வெறும் கோடு. அதனால்தான் அவளால் முடிந்தது. ஏழு மாதம் தினமும் மத்தியானம் அவர் கை போன வழியிலேயே தன் கையை ஓட்டினாள். எங்கே அழுத்தினார், எங்கே மூச்சு விட்டார், எங்கே பேனாவைத் தூக்கினார் எல்லாம் தெரிந்தது. பதிமூன்று வருஷக் குடித்தனத்தில் அவரை அத்தனை கிட்டத்தில் பார்த்ததே இல்லை. தாமரையின் கடைசி எழுத்தில் மட்டும் மனிதர் தன்னை மறந்திருந்தார். கொம்பு இரண்டு சுழி கூடுதலாகச் சுற்றி, வால் பெயருக்கு அடியிலேயே பின்னால் ஓடித் தொடக்கத்தைத் தொட்டது. அதையும் விடாமல், ‘ரை’க்கென்று தனி எழுத்தாகவே போட்டுவைத்தாள். பலன், இன்றைக்கு ஊரில் எங்கே ‘ரை’ வந்தாலும் அந்தச் சுழி வரும். அதோ, மார்க்கெட் முனையில், சர்க்கரை நோய்க்குச் சிறப்பு மருத்துவர். இத்தனை கொஞ்சலாகச் சர்க்கரை நோய்க்கு உலகத்தில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள், பல தடவை தனியாகச் சிரித்தும் இருக்கிறாள்.

நாலைந்து எழுத்து கடிதங்களில் இல்லவே இல்லை. ஜ, ஷ, ஸ, ஹ. அறவாழி அவற்றை எழுத மாட்டார், அது அவர் விரதம். தர்மராஜ் என்று அப்பா வைத்த பெயரையே கல்லூரியில் மாற்றிக்கொண்டவர். மகளுக்கு நன்முல்லை. பக்கத்து வீட்டு டைகரை வேங்கை என்று கூப்பிடுவார், அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். கஸ்தூரிக்கு மட்டும் எந்தப் பெயரும் வைக்கவில்லை. படிவங்களில் அவள் பெயர் எழுத வேண்டிய இடம் வந்தால் நீயே போட்டுடு என்று தள்ளுவார். எனவே அந்த எழுத்துகளை அவள் தன் கையாலேயே வரைய வேண்டியதாயிற்று. ‘ஸ’வைத் தன் கையெழுத்திலிருந்து எடுத்தாள். ‘ஜ’ மூன்று நாள் வாங்கியது. அவருடைய வளைவுக்குப் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரியக் கூடாது, அதே சமயம் தன்னுடையதாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. வின்சென்ட் சார் பெயர் கேட்டார். தாமரை என்றாள். “கட்சிச் சின்னமாச்சேம்மா, மத்த கட்சிக்காரன் வாங்குவானா” என்று யோசித்தார். பிறகு பூதானே என்று விட்டுவிட்டார்.

சி.டி. வந்த அன்று மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஏழு மாதம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை மேலிருந்து கீழே பார்த்தார். “நல்லாருக்கு. பேரும் நல்ல தமிழ்ப் பேரு” என்றார். சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். அவ்வளவுதான். இரண்டாம் தரம் ரசம்! தெரிந்துகொண்ட மனிதன் ரசம் கேட்பானா? இல்லை, தெரிந்ததை மறைக்கத்தான் கேட்டானா? இருபத்தாறு வருஷமாக அந்த ரசத்தில் அவள் மனம் சுற்றிச் சுற்றி வந்து முட்டிக்கொள்கிறது. துணி துவைக்கும்போது, மகளுக்குத் தலை பின்னும்போது, பேரன் பிறந்து ஓசூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போது, எப்போதென்று இல்லை, சட்டென்று ரசம் வந்துவிடும். அவர் வாழ்க்கையைத் தூக்கித் தெருவில் போட்டேன், அவர் அதை மிதித்துக்கொண்டு நடந்து போனார். அல்லது நான் போட்டதே அவருக்குத் தெரியவில்லை. எது மோசம் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

பால்பண்ணை. அதே லாரி ஷெட். போஸ்டர்கள் வெயிலில் காய்ந்து சுவரோடு சுவராகிவிட்டன. கஸ்தூரி முதுகை ஜன்னலுக்குக் கொடுத்து அவர் பக்கமாகத் திரும்பி, இல்லாத மாத்திரையைப் பையில் தேடினாள். பஸ் கடந்தது. தாமரை யாரென்று தெரிந்தது அவர் ஓய்வு பெற்ற விழாவில்தான். மைக்கைப் பிடித்து உடன் வேலை பார்த்த ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நன்றி சொல்லிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் மட்டும், “கணித ஆசிரியை அவர்களுக்கும்” என்று பெயரில்லாமல் தாண்டினார். கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட அம்மாள், மடியில் கைப்பை. பெயர் கேட்டாள். பங்கஜவல்லி டீச்சர் என்றார்கள். பங்கஜத்தைத் தமிழ் ஆக்கினால் தாமரை. வேங்கையிலிருந்து எல்லோருக்கும் பெயர் வைத்தவர், இவளுக்கு வைத்த பெயரைத்தான் சபையில் சொல்ல முடியாமல் விழுங்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாளை ஒரே ஒரு தடவை பார்த்தாள். தில்லைநகரில் ஓர் அழகு நிலையத்து வாசல், குடையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகிற உத்தேசம் இல்லாமல் போர்டையே பார்த்து நின்றிருந்தாள். நரை முடிக்கு இயற்கைச் சாயம். பார்த்தது நரையின் ‘ரை’யை. அந்தச் சுழியை அவளைத் தவிர வேறு யார் அப்படிப் பார்ப்பார்கள்? அன்றுதான் கஸ்தூரிக்கு உறைத்தது. தண்டிக்கிறேன் என்று நினைத்து, திருப்பிக் கொடுத்த ஏழு கடிதத்தையும் எழுநூறாக்கி, பேக்கரி, தையல் கடை, கல்யாண மண்டபம் என்று அந்தப் பெண் போகிற வழியெல்லாம் ஒட்டிவைத்தவள் அவள்தான். இந்த மனிதனின் காதலுக்கு அவளைப் போல உழைத்தவர் யாரும் இல்லை. கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டுக்கும் தெம்பில்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

இப்போதும் அப்படித்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் என்ன? காட்டூர் போய் இறங்கி, கஞ்சி வைத்துக் கொடுத்து, சொட்டு மருந்து விட்டுத் தூங்க வைத்துவிடலாம். நாலு மணி தானாக வந்து தானாகப் போய்விடும். எனக்கென்ன வந்தது? நானா அவளைத் தேடிப் போய்ப் பெயர் வைத்தேன்? ஆனால் ஒரு மனிதன் தூங்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவனுடைய அவளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அது தெரிந்தும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவேன். அரியமங்கலம் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகள். ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு சுவர் முழுக்க அந்த அம்மாள்.

“கஸ்தூரி.”

“ம்.”

“அந்தச் சுவத்துல உன் எழுத்துல்ல இருக்கு. என்ன போட்டிருக்கு?”

அவள் தலைப்பை இன்னும் இழுத்து விரித்தாள். “எழுத்து தெரியாதுன்னாரே டாக்டர்?”

“படிக்க முடியல. வால் தெரியுது.”

“ஏதோ துணிக்கடைங்க. ஆடித் தள்ளுபடி.”

அவர் அந்தப் பக்கமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். “துணிக்கடைக்குக் கறுப்புக் கட்டமா போடுறான்?”

முன்னால் லாரி உறுமியது. பஸ் ஓர் அடி நகர்ந்து மறுபடியும் நின்றது. கஸ்தூரி போர்த்தியிருந்த தலைப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இனி மறைக்கவும் உடம்பில் வலு இல்லை.

“பங்கஜவல்லி டீச்சர்ங்க,” என்றாள். “நேத்து தவறிட்டாங்க போலருக்கு.”

அந்தப் பெயர் அவர்கள் இருவருக்கும் நடுவில் அதுவரை ஒரு தரம்கூட வந்ததில்லை. மடியில் மருந்துப் பை சரசரத்தது. அவர் அதை இறுக்கிப் பிடித்திருந்தார். எந்த டீச்சர் என்று கேட்பார் என்று காத்திருந்தாள், கேட்கவில்லை.

“எத்தன மணிக்கு?”

“நாலு மணிக்கு. இங்கதான், பால்வாடித் தெரு.”

“காலையிலயே பாத்துட்டியா?”

“பாத்தேன்.”

“அதான் ஜன்னலோரம் குடுக்கல.”

“அழாதீங்க. கண்ணுக்கு ஆகாது.”

“அழல” என்றார். “அவ பேருல நடுவுல ஒரு ‘ஜ’ வருமே. எப்படி விழுந்திருக்கு?”

கஸ்தூரி சுவரைப் பார்த்தாள். அவர் கையின் சுழிப்புகளுக்கு நடுவில், மூன்று நாள் பாடுபட்டு வரைந்த அவளுடைய ‘ஜ’ தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தது. “நல்லாத்தான் விழுந்திருக்கு.”

“அது ஒண்ணுதான் உன்னோடது. நான் அத எழுதினதே இல்ல.”

அவள் அவரைப் பார்த்தாள். ஒரு கண்ணில் கட்டும், மறு கண்ணில் வெண்மையுமாக அந்த முகம் நேரே முன்சீட்டைப் பார்த்திருந்தது. “எப்பலேர்ந்து தெரியும்?” என்றாள்.

“நீ தாளக் கொண்டாந்து காட்டுனியே, அன்னிக்கே. சோறு எறங்கல. ரெண்டு தரம் ரசம் ஊத்தித்தான் முழுங்கினேன்.”

இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில், ஒரே தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில், இவரும் தெரியாதவர் போல இருந்திருக்கிறார். அவளுக்கு மட்டும்தான் அந்த வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட வேண்டும் போலவும் இருந்தது.

“பேசியிருக்கலாமே,” என்றாள்.

“நீயும்தான்.”

பஸ் பாலம் ஏறி இறங்கியது. கண்டக்டர் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தார். “அரியமங்கலம்லாம் எறங்கு. பெரியவரே, உங்களுக்குக் காட்டூர், உக்காருங்க.”

அறவாழி எழுந்துவிட்டார். எழுந்தவருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை, கையைக் காற்றில் நீட்டி நின்றார். வா, பிடி என்று அவளிடம் கேட்கிற நிலையில் அவர் இல்லை, கேட்கவும் இல்லை. காட்டூர்வரைக்கும் சீட்டு இருக்கிறது, உட்காருங்கள் என்று அவளும் சொல்லியிருக்கலாம். மருந்துப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது கஸ்தூரி,” என்றார் படியருகில் வந்ததும், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “அவ முகம் எப்படி இருக்குன்னு நீதான் பாத்துச் சொல்லணும்.”

“சொல்றேன். பாத்து, படி ஒசரமா இருக்கு” என்று அவள் முதலில் இறங்கி நின்று, இரண்டு கையையும் நீட்டினாள்.